கம்முனு இருங்க, குழந்தை பேசட்டும்

கொங்கு நாட்டுக் குழந்தையின் காதில் பொழுதன்னைக்கும் விழும் சொல் ‘கம்முனு இரு’. ஒறம்பரை வந்திருக்காங்க, கம்முனு இரு. அப்பாரு படுத்திருக்காரு, கம்முனு இரு. அதே குழந்தை இரண்டு வயதாகியும் வாய் திறக்கவில்லை என்றால் வீடே சுற்றி உட்கார்ந்துகொண்டு, ‘மாடு சொல்லு கண்ணு, எங்க சொல்லு, மா...டு, சொல்லு சாமி’ என்று விடாமல் துளைக்கிறது. ஒன்றில் பேச விடுவதில்லை, இன்னொன்றில் மூச்சு விட விடுவதில்லை. இரண்டிலும் குழந்தைக்கு அதன் முறை கிடைக்காமல் போகிறது.

பேச்சு முறை வைத்து ஆடும் ஆட்டம். சொல் வருவதற்கு வெகு முன்பே அது தொடங்கிவிடுகிறது. இரண்டு மூன்று மாதக் குழந்தை ‘ங்கூ’ என்கிறது. அமுச்சி, அதாவது பாட்டி, ‘ஓ, அப்படியா?’ என்று கேட்டுவிட்டு அதன் முகத்தையே பார்க்கிறார். சற்றுப் பொறுத்துக் குழந்தை மறுபடி ‘ங்கூ’ என்கிறது. முறை கைமாறிவிட்டது. 1970களில் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டிரானிக் ஒரு சோதனை செய்தார். குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கும் தாய் திடீரென்று முகத்தை அசைக்காமல் சில நிமிடம் வெறுமனே பார்க்க வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கத்தும். எதற்கும் பதில் இல்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அழும். அந்த அசையாத முகம் இன்று வீட்டுக்கு வீடு போன் வெளிச்சத்தில் கிடைக்கிறது.

ஒன்பதாம் மாதத்தை ஒட்டி இன்னொரு கதவு திறக்கிறது. அதுவரை குழந்தை ஆளைப் பார்க்கும், அல்லது பொருளைப் பார்க்கும். இப்போது பொருளைப் பார்த்து, ஆளைப் பார்த்து, மறுபடி பொருளைப் பார்க்கிறது. ஒரு வயதுவாக்கில் விரலும் நீள்கிறது. இந்தச் சுட்டலில் இரண்டு வகை இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. பிஸ்கட் டப்பாவைக் காட்டி ‘ஊ’ என்பது ‘அது வேணும்’. வேலியில் ஓடும் ஒடக்கானை (ஓணானை)க் காட்டிவிட்டு நம் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது ‘நீயும் பாரு’. கனம் கூடியது இரண்டாவதுதான். வேண்டியதைக் கேட்க அழுகையே போதும். பார்த்ததைப் பகிர இன்னொரு மனம் தேவை. 18 மாதத்தில் ‘நீயும் பாரு’ சுட்டல் இல்லாவிட்டால், பத்துச் சொல் பேசினாலும் கவனித்தாக வேண்டும்.

இனி, கம்முனு இருப்பது எப்படி என்று பார்ப்போம். கட்டுத்தரையில் குழந்தை கன்றுக்குட்டியைப் பார்த்து நிற்கிறது என்று வையுங்கள். பக்கத்தில் குத்த வைத்து உட்காருங்கள். உங்கள் வாய் அதன் கண்ணுக்கு நேரே தெரிய வேண்டும். அது எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்: ‘கன்னுக்குட்டி பால் குடிக்குது.’ அப்புறம் வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் பத்து வரை நிதானமாக எண்ணுங்கள். சிரமம் இங்கேதான். மூன்று எண்ணுவதற்குள் பெரியவர்களுக்கு வாய் துறுதுறுக்கும், அதே வாக்கியத்தை மறுபடி சொல்லிவிடுவார்கள். குழந்தை கேட்டதைப் பிரித்து, பதிலைத் தேடி, நாக்கையும் உதட்டையும் கூட்டிச் சேர்க்க நேரம் ஆகும். பாதியில் திரும்பச் சொன்னால் அது முதலிலிருந்து தொடங்க வேண்டும். பத்துக்குள் வரும் எதுவும் பதில்தான். பார்வை, கை, ‘மா’ என்ற அரைச் சத்தம் எல்லாமே கணக்கு.

பதில் வந்ததும் அதில் ஒரு படி மட்டும் கூட்டுங்கள். ‘மா’ என்றால் ‘மாடு’. ‘மாடு’ என்றால் ‘மாடு வருது’. ‘மாடு வருது’ என்றால் ‘செவலை மாடு வருது’. காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருந்து ஆறு மாதவாக்கில் சாம்பலாக மாறும். தோட்டத்துச் சாளையில் வளரும் மூன்று வயதுக் குழந்தையிடம் பல நாள் பேச அந்த ஒன்றே போதும். தமிழில் படி என்பது தனிச் சொல்லாகத்தான் வர வேண்டும் என்றில்லை. ‘தண்ணி’ என்ற குழந்தைக்கு ‘தண்ணில’, ‘அம்மா’ என்ற குழந்தைக்கு ‘அம்மாகிட்ட’ என்பதும் ஒரு படி. நம் மொழியில் அர்த்தத்தின் பாதி சொல்லின் வாலில் இருப்பதால் வாலை விழுங்காமல் பேசுங்கள். மம்மு, பாச்சி, ஜோஜோ எல்லாம் சொல்லலாம், கெடுதல் இல்லை. ஒன்றரை வயதுக்கு மேல் பக்கத்திலேயே ‘சோறு’, ‘பால்’, ‘தூக்கம்’ என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

கேள்வியைக் குறைக்க வேண்டும். ‘இது என்ன? இது என்ன கலர்? காக்கா எப்படிக் கத்தும்?’ என்பது பரீட்சை. ஒரு கேள்விக்கு மூன்று நான்கு சாதாரண வாக்கியம் என்ற அளவில் வைத்தால் போதும். அதைவிட மோசமானது ‘சொன்னாத்தான் தருவேன்’ என்று தண்ணீர்ச் சொம்பைப் பின்னால் மறைப்பது. சொல்லத் தெரிந்த குழந்தை சொல்லியிருக்கும். தெரியாத குழந்தை அன்று கற்பது, இவரிடம் கேட்டால் அவமானம் என்பதை. அதற்குப் பதில் இரண்டையும் முன்னால் நீட்டி ‘பாலா, தோசையா?’ என்று கேட்டுக் காத்திருங்கள்; கண் போன பக்கத்தைக் கொடுங்கள், கொடுக்கும்போது பேரைச் சொல்லுங்கள். ஒரு நுணுக்கம்: சில குழந்தைகள் கடைசியாகக் கேட்ட சொல்லையே திருப்பிச் சொல்லும். எனவே அதற்குப் பிடிக்காததைக் கடைசியில் வையுங்கள். ‘தோசை’ என்று சொல்லிவிட்டுத் தோசையைத் தள்ளிவிட்டால், சொல் வந்திருக்கிறது, பொருள் இன்னும் ஏறவில்லை என்று தெரிந்துவிடும்.

பேசும் தேவையை உண்டாக்கப் பொரி டப்பா நல்ல கருவி. உள்ளே இருப்பது தெரியும், ஆனால் திறக்க முடியாத மூடி. குழந்தை அதைத் தூக்கிக்கொண்டு வரும். உடனே திறக்காமல் முகத்தைப் பாருங்கள், காத்திருங்கள். ஒரு வட்டல் நிறையக் கொட்டினால் பேச்சு அங்கேயே முடிந்தது. ஐந்தைந்தாகக் கொடுத்தால் பத்து முறை கிடைக்கும். டப்பாவில் நிலக்கடலையைப் போட்டுவிடாதீர்கள். நம் ஊரில் கடலை இல்லாத வீடு இல்லை. சிறு குழந்தைகளின் மூச்சுக்குழாயில் போய் அடைக்கும் பொருள்களில் முழுக்கடலை முக்கியமானது. புளியங்கொட்டையும் அப்படியே. நான்கு வயது தாண்டட்டும்.

உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாகப் பங்கு வைத்து, நண்டு ஊர்கிறது நரி ஊர்கிறது என்று கையில் ஏறி அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டும் விளையாட்டு எல்லோருக்கும் தெரியும். நிபுணர்கள் உட்கார்ந்து யோசித்தாலும் இதைவிட நன்றாக ஒரு பயிற்சியை அமைத்துவிட முடியாது. ஒவ்வொரு முறையும் ஒரே வரிசை, ஒரே முடிவு. அதனால் அடுத்து வருவது குழந்தைக்குத் தெரியும். விரலை முழங்கையில் நிறுத்திவிட்டுக் கம்முனு இருங்கள். குழந்தை நெளியும், சிரிக்கும், உங்கள் கையைப் பிடித்து இழுக்கும், கண்ணைப் பார்க்கும். அந்தப் பார்வை ‘ம், மேலே போ’ என்ற வாக்கியம். நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக ஓடினால் அது வெறும் கிச்சுக்கிச்சுத்தான்.

சோமனூர், பல்லடம் பக்கத்துத் தறி வீடுகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தறி ஓடும்போது சொல்லின் மெல்லிய ஓசைகள் அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போகும். குழந்தையின் காதுக்கு வருவது உயிரெழுத்தும் உரத்த கத்தலும் மட்டுமே. நாள் முழுக்கப் பேசினாலும் பாதி சேராது. கதவை அடைத்த உள்ளறையிலோ, கரண்ட் போன நேரத்திலோ, முகத்துக்கு முகம் பத்து நிமிடம், நாளைக்கு மூன்று தடவை என்று ஒதுக்குங்கள். தொட்டிலைத் தறிக்கொட்டகைக்குள் கட்டாதீர்கள்.

திருப்பூர்ப் பக்கம் வேறு சிக்கல். காலையில் கம்பெனி வேன் வரும் நேரத்தில் அமுச்சி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ‘அங்க காக்கா பாரு’ என்று கொல்லைப்புறம் போவார்; அம்மா முன்வாசல் வழியே நழுவிவிடுவார். அழுகை இல்லாமல் காரியம் முடிந்தது போலத்தான் தெரியும். ஆனால் அம்மா எந்த நொடியும் மாயமாகக்கூடியவர் என்பது குழந்தைக்குப் புரிந்துவிடுகிறது. அப்புறம் அவர் கழிப்பறைக்குப் போனாலும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பிரிவுப் பயம் எட்டாம் மாதவாக்கில் தொடங்கி ஒன்றரை வயது வரை உச்சத்தில் இருக்கும். அது வளர்ச்சி, செல்லம் கொடுத்ததால் வந்த கேடு அல்ல.

சொல்லிவிட்டுப் போக வேண்டும். கிளம்பப் பத்து நிமிடம் முன்பே ஒருமுறை சொல்லுங்கள். வாசலில் தினமும் ஒரே வாக்கியம், ஒரே செய்கை. உள்ளங்கையில் ஒரு முத்தம் என்றால் தினமும் அதுவே. அமுச்சி கையை நீட்டி வாங்கிக்கொள்ள வேண்டும், அம்மா பிய்த்துக் கொடுக்கக்கூடாது. பிறகு ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். போனவர் அழுகைச் சத்தம் கேட்டுத் திரும்பி வந்தால் அழுகை இரட்டிப்பாகும். ‘ஆறு மணிக்கு வந்துருவேன்’ என்பது குழந்தைக்கு ஒன்றும் சொல்லாது. ‘வெளக்கு வெச்சதும் வந்துருவேன்’ என்பது புரியும். ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாளில் அந்த வாக்குக் கொடுக்காதீர்கள். ‘நீ தூங்குன பொறவு வருவேன், காலையில எந்திரிக்கும்போது பக்கத்துல இருப்பேன்’ என்று உள்ளதைச் சொல்லுங்கள். முதல் சில நாள் அழுகை கூடத்தான் செய்யும். வீடு திரும்பியதும் முதல் பத்து நிமிடம் பையைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்காருங்கள். சட்டிபானை எங்கும் போய்விடாது.

அடுத்தது அழும்பு, அதாவது அடம்பிடித்து அழுவது. ஒன்றரை முதல் மூன்று வயது வரை இதுதான் உச்சம்: ஆசை மலையளவு, சொல் கையளவு, ஆசையை அடக்கும் மூளைப் பகுதியோ இன்னும் பல வருடம் வளர வேண்டியது. சந்தையில் பஞ்சுமிட்டாய்க்காகக் குழந்தை தரையில் விழுந்து புரள்கிறது. முதலில் அடிபடாத இடத்துக்கு நகர்த்துங்கள். உட்காருங்கள். ஒரு வாக்கியம்: ‘பஞ்சுமிட்டாய் வேணும்னு ஆசை. இல்லைன்னதும் கோவம் வந்துருச்சு.’ அவ்வளவுதான், மறுபடி கம்முனு. அந்த நேரத்தில் விளக்கம், பேரம், ‘இனிமே பண்ணுவியா?’ என்ற விசாரணை எதுவும் காதில் ஏறாது. சொற்கள் கூடக் கூட அழுகை நீளும். கூட்டத்தில் யாராவது ‘ஒண்ணு வாங்கிக் குடுங்க சாமி, புள்ள ஏங்கிப்போயிரும்’ என்பார். இருபது நிமிட அழுகைக்குப் பிறகு வாங்கிக் கொடுத்தால், பஞ்சுமிட்டாயின் விலை இருபது நிமிட அழுகை என்று குழந்தை கணக்கு வைத்துக்கொள்ளும். சில நாள் கொடுத்துச் சில நாள் மறுத்தால் இன்னும் கெட்டியாகப் பிடிக்கும். கொடுப்பதாக இருந்தால் முதல் தடவை கேட்கும்போதே கொடுத்துவிடுங்கள், குற்றமில்லை. மறுத்தால் மறுத்ததுதான்.

மூச்சு நிதானப்பட்ட பிறகு ஒரு மடக்குத் தண்ணீர், மடியில் கொஞ்ச நேரம், அப்புறம் பேச்சு. பாதி அழும்பு பசியிலும் தூக்கத்திலும் பிறப்பது. உச்சி வெயிலில் சந்தைக்குக் கூட்டிப்போய்விட்டு அதனிடம் பொறுமையை எதிர்பார்ப்பது நம் தப்பு. விளையாட்டை நிறுத்தும் முன் ‘இன்னும் ரெண்டு சுத்து, அப்புறம் எறங்கறோம்’ என்று எண்ணக்கூடிய அளவில் சொல்லுங்கள். அடிக்க வந்தால் கையைப் பிடித்து, ‘வலிக்கும், அடிக்க விடமாட்டேன்.’ கடித்தால் திருப்பிக் கடித்துக் காட்டும் வைத்தியம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. பெரியவர்களும் கடிப்பார்கள் என்பதைத் தவிர அதில் பாடம் ஒன்றும் இல்லை.

குழந்தை விழுந்ததும் தரையை அடித்து ‘அடிச்சுட்டேன் பாரு’ என்பது பழைய வழக்கம். பாவம், தரை என்ன செய்தது? வலித்தால் பழி சொல்ல ஆள் தேட வேண்டும் என்பதே அதில் கற்பது. முட்டியைத் தொட்டு ‘இங்க வலிக்குதா? எரியுதா?’ என்று கேட்டால் வலிக்கு ஒரு பேர் கிடைக்கிறது. உணர்ச்சிச் சொல்லுக்குத் தமிழில் நல்ல வசதி இருக்கிறது. பொறாமை, ஏமாற்றம் என்பவை மூன்று வயதுக்குப் பிடிபடாது. ‘நெஞ்சு படபடங்குது’, ‘கை வெடவெடங்குது’, ‘மூஞ்சி சுண்டிப்போச்சு’ என்பவை உடம்பிலேயே தெரிகின்றன. இவற்றில் தொடங்கி, நான்கு வயதில் பயம், கோபம், கூச்சம் என்று பேரைப் பக்கத்தில் வையுங்கள். பூச்சாண்டி, போலீஸ், ஊசி போடும் டாக்டர் மூவரையும் மிரட்டலிலிருந்து விடுவித்துவிடலாம். பின்னால் டாக்டரிடம் போகும்போது அதற்கான பலன் தெரியும்.

நோம்பிக்கு அத்தை மகன் வந்ததும் ‘உன்ர வண்டியக் குடு, பங்கு போட்டு வெளையாடு’ என்பார்கள். 1932இல் மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் சிறுவர் விளையாட்டைக் கவனித்து வகை பிரித்தார்: சின்ன வயதில் குழந்தைகள் அதிகம் பக்கத்தில் பக்கத்தில் தனித்தனியாகத்தான் விளையாடுகின்றன, சேர்ந்து விளையாடுவது பின்னால் கூடுகிறது. எனவே இரண்டு வயதுக்குப் பங்கு கேட்காமல், ஒரே மாதிரி இரண்டு கொட்டாங்குச்சி, இரண்டு கரண்டி கொடுங்கள். விருந்தாளி வருமுன், பகிர முடியாத இரண்டு சாமானைக் குழந்தையே எடுத்து ஒளித்துவைக்கட்டும். ஊஞ்சலில் ‘மூணு ஆட்டு அவனுக்கு, அப்புறம் உனக்கு’ என்று சத்தமாக எண்ணுங்கள். காத்திருப்பைக் குட்டியாகத் தொடங்கி, பிறகு பத்துக்கு நீட்டலாம்.

அடுத்தவர் மனம் புரியும் வயதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். விம்மர், பெர்னர் என்ற உளவியலாளர் இருவர் 1983இல் வெளியிட்ட சோதனையின் வீட்டுப் பதிப்பு இது. அமுச்சி அச்சுவெல்லத்தைப் போசியில் வைத்துவிட்டு வெளியே போகிறார். குழந்தை பார்க்க அதை எடுத்து டப்பாவில் மாற்றுங்கள். ‘அமுச்சி வந்து வெல்லத்த எங்க தேடுவாங்க?’ மூன்று வயதுக்காரர் பெரும்பாலும் ‘டப்பாவுல’ என்பார். தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று நினைப்பு. நான்கு, ஐந்தில் ‘போசியில’ என்று பதில் மாறும். ஆகவே மூன்று வயதுக்காரரிடம் ‘அவனுக்கு எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாரு’ என்பதைவிட, அழுகிற முகத்தைக் காட்டி ‘கண்ணுல தண்ணி வருது பாரு’ என்பது வேலை செய்யும். முதல் பொய்யும் ஏறக்குறைய இந்தக் காலத்தில்தான் வரும். கோபப்படுமுன், இவருக்கு அடுத்தவர் மனம் புரியத் தொடங்கிவிட்டது என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம்.

நம் பக்கத்தில் குழந்தையையும் ‘வாங்க சாமி, சாப்பிடுங்க’ என்று ‘ங்க’ போட்டு அழைப்பது மரியாதையைச் சொல்லிக்கொடுக்கும் நல்ல வழி. கேட்டதுதான் வாயில் வரும். விருந்தாளி முன்னால் ‘இவன் யாருகிட்டயும் போகமாட்டான்’ என்று அறிமுகம் செய்வதை மட்டும் விடுங்கள். வந்தவர் பத்து நிமிடம் குழந்தையைக் கண்டுகொள்ளாமல் இருந்தால் அதுவே மெல்லப் பக்கத்தில் வரும்.

வீட்டில் தெலுங்கு, கன்னடம், மலையாளம், தெருவில் தமிழ் என்ற குழந்தைகள் இங்கே ஏராளம். இரண்டு மொழியால் பேச்சு தாமதமாகாது. சொற்களை எண்ணும்போது இரண்டு மொழியிலும் சேர்த்து எண்ணுங்கள். கெடுதல் வேறு இடத்தில்: எல்கேஜி நினைப்பில் ‘கம், சிட், ஈட்’ என்று முப்பது சொல் இங்கிலீஷில் வீட்டை நடத்துவது. உங்களுக்குக் கோபமும் கேலியும் கதையும் எந்த மொழியில் தடையில்லாமல் வருகிறதோ அதில் பேசுங்கள்.

திரைக்கு இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர் சங்கம் 2021இல் சொன்ன அளவு: இரண்டு வயது வரை உறவினரோடு வீடியோ அழைப்பு தவிர எதுவும் வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வரை, பெரியவர் உடனிருக்க, நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. முதலில் சாப்பாட்டு நேரத்திலிருந்து எடுங்கள். ஒரு இட்லியில் பதினைந்து வாய் என்றால் பதினைந்து முறை பேச்சு. போன் வைத்து ஊட்டினால் அத்தனையும் போயிற்று.

கடைசியாக, எப்போது பொறுக்கக்கூடாது என்பது. ஒரு வயதில் மழலைச் சத்தமோ, கையாட்டல், சுட்டல் போன்ற செய்கைகளோ இல்லை. பதினாறு மாதத்தில் ஒரு சொல் இல்லை. இரண்டு வயதில் ‘அம்மா வா’ போல இரண்டு சொல் சேரவில்லை. வந்த பேச்சோ சிரிப்போ எந்த வயதிலாவது நின்றுவிட்டது. பேர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை. இதைச் சோதிக்கும்போது பின்னாலிருந்து, தொடாமல், சாதாரணக் குரலில் கூப்பிட வேண்டும். இவற்றில் ஒன்று இருந்தாலும், ‘ஆம்பளப் பையன் லேட்டாத்தான் பேசுவான்’, ‘இவங்க அப்பனும் அஞ்சு வயசுலதான் பேசுனான்’ என்பவற்றை ஒதுக்கிவிட்டுக் கிளம்புங்கள். நாக்கில் வசம்பும் தேனும் தடவுவது பேச்சைக் கொண்டுவராது. ஒரு வயதுக்குள் தேன் ஆபத்து. நாக்கு ஒட்டியிருந்தால் பால் குடிப்பதோ சில ஓசையோ சிரமப்படலாம், பேச்சே வராமல் போகாது.

முதலில் காது. மற்ற எந்தச் சோதனையும் அதற்குப் பிறகுதான். காதுக்குள் சத்தம் அனுப்பிப் பார்க்கும் ஓஏஇ சோதனை சில நிமிடத்தில் முடியும். சத்தம் காதிலிருந்து மூளைக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்க்கும் பெரா சோதனைக்குக் குழந்தை ஆழ்ந்து தூங்க வேண்டும். அன்று விடியலிலேயே எழுப்பிவிடுங்கள், வழியில் பஸ்ஸில் தூங்கவிடாதீர்கள், பாலைச் சோதனை நேரத்துக்கு வைத்திருங்கள். மயக்கமருந்து கொடுப்பதாக இருந்தால் மட்டும், எப்போதிலிருந்து வெறும் வயிறு என்பதை மருத்துவமனையில் கேட்டுக்கொள்ளுங்கள். பலர் இரண்டாவது முறை அலைவது குழந்தை தூங்காததால்தான். சளி பிடித்துப் பிடித்துக் காதுக்குள் நீர் கட்டினாலும் கேட்கும் திறன் மங்கும், அது குணமாகக்கூடியது. கேட்கும் குறை கடுமையாக இருந்தால், உள்காதில் வைக்கும் காக்ளியர் கருவி பொருத்த முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் வழி உண்டு. ஆறு வயது வரம்பு என்பதால் நாள் கடத்தக்கூடாது.

காசு இல்லாத வழி அங்கன்வாடியில் தொடங்குகிறது. 2013இல் வந்த தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் எழுதிக் கொடுத்தால் வளர்ச்சிக் குறைகளைப் பார்க்கும் மாவட்டத் தொடக்ககால இடையீட்டு மையத்துக்குப் போகலாம். 16 முதல் 30 மாதக் குழந்தையானால் ஆட்டிசம் அறிகுறி உண்டா என்று பார்க்க ‘எம்-சாட்-ஆர்’ என்ற இருபது கேள்விகளைக் கேட்பார்கள். ‘எப்பவாவது செய்யுமா’ என்பதற்கும் ‘வழக்கமாகச் செய்யுமா’ என்பதற்கும் வித்தியாசம் பார்த்துப் பதில் சொல்லுங்கள். புள்ளையை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் எல்லாவற்றுக்கும் ‘ஆமாங்க’ போட்டால் சோதனை வீண்.

புது இடத்தில் குழந்தை மிரண்டு அம்மா முந்தானையில் ஒளிந்துகொள்ளும், மருத்துவர் பார்க்க வேண்டியது எதுவும் வெளியே வராது. எனவே வீட்டில் மூன்று வீடியோ எடுத்துப் போங்கள், ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம்: சாப்பிடும்போது, தனியாக விளையாடும்போது, இன்னொரு குழந்தையோடு இருக்கும்போது. எடுக்கும்போது ‘மாமாவுக்கு டாட்டா சொல்லு’ என்று குரல் கொடுக்காதீர்கள். பேச்சுப் பயிற்சிக்கு வாரம் ஒரு முறை முக்கால் மணி நேரம் கிடைத்தால் அதிகம். அதனால் வெளியே பெஞ்சில் காத்திருக்காமல் உள்ளே போய், பயிற்சியாளர் பார்த்துக்கொண்டிருக்க நீங்களே பத்து நிமிடம் செய்து காட்டி, எங்கே அவசரப்படுகிறீர்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் நான்கு எண்ணுவதற்குள் வாய் திறந்திருப்பீர்கள்.